கறுத்தக்கொழும்பானும் ஒளிரும் பிளாஸ்ரிக்கும்

மாம்பழக் காலத்தில் சாவகச்சேரிச் சந்தைக்குள் போனால் கண்ணுக்கு முன் மூக்குத்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் பலாப்பழம், மறுபக்கம் கறுத்தக்கொழும்பான். வியாபாரி இரண்டு கிலோ நிறுத்து, சொப்பிங் பையில் போட்டுத் தருகிறார். இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கலில் காபன் மூன்று வேடத்தில் வந்துவிடுகிறது. காயைக் கனியவைத்தது எதிலீன் வாயு. அதன் மூலக்கூறில் இரண்டே காபன் அணுக்கள், அவற்றிடையே ஓர் இரட்டைப் பிணைப்பு. பழத்தைச் சுமக்கும் பை பொலித்தீன். அதில் ஆயிரக்கணக்கான காபன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளாலேயே நீளமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. பழத்தின் சதைக்கு நிறம் கொடுப்பவை கரோட்டீன் குடும்பத்துப் பொருட்கள். அவற்றில் முக்கியமான பீற்றா கரோட்டீனில் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பிணைப்புகள் மாறி மாறி வரும். அப்படி வரிசையாக 11 இரட்டைப் பிணைப்புகள்.

எதிலீனுக்கு நிறமில்லை. பொலித்தீனுக்கும் சாயம் சேர்த்தாலொழிய நிறமில்லை. மூன்றாவதற்கு மட்டும் அந்தப் பொன்மஞ்சள். மாறி மாறி வரும் அந்தப் பிணைப்பு ஒழுங்குதான், இன்று விலை கூடிய கைத்தொலைபேசிகளின் திரையில் ஒளி உமிழ்கிறது.

ஒவ்வொரு காபன் அணுவும் பிணைப்புக்கென நான்கு இலத்திரன்களை வைத்திருக்கிறது. பொலித்தீனில் நான்கும் பக்கத்து அணுக்களோடு இறுக்கமாகக் கட்டப்பட்டுவிட்டன. அசைய இடமில்லை. அதனால் அது மின்சாரத்தைக் கடத்தாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சாது. மாறி மாறிப் பிணைப்பு வரும் சங்கிலியில், ஒவ்வொரு காபனிலும் ஓர் இலத்திரன் தளர்வாக இருக்கிறது. சங்கிலியின் மேலும் கீழும் பரவி, பல அணுக்களுக்குப் பொதுச்சொத்தாகிவிடுகிறது. வரிசை நீள நீள, அந்த இலத்திரனை ஒரு படி மேலே ஏற்றத் தேவையான சக்தி குறையும். எதிலீனை அருட்டக் கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர் வேண்டும். 11 இரட்டைப் பிணைப்பு வந்தபின் நீல ஒளியே போதும். மாம்பழம் நீலத்தை விழுங்கிவிட, மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாக வருகிறது.

இப்படிப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டையாக வரும் நீண்ட சங்கிலியை இணைபிணைப்புப் பல்பகுதியம் என்போம். பல்பகுதியம் என்பது ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த பெருமூலக்கூறு. தமிழ்நாட்டு நூல்களில் பலபடி என்றிருக்கும்.

இவற்றில் மிக எளியது பொலிஅசற்றிலீன். வேறு அலங்காரம் எதுவும் இல்லாத, நெடுக மாறி மாறி வரும் சங்கிலி. ஹிடேகி ஷிராகாவா, அலன் மக்டியாமிட், அலன் ஹீகர் ஆகியோர் 1977இல் இதற்கு அயடீன் ஆவியைக் காட்டியபோது அதன் மின்கடத்துதிறன் கோடி மடங்கு அளவில் ஏறியது. பிளாஸ்ரிக் என்றால் மின்காப்பு என்று நம்பியிருந்த உலகத்துக்கு அது அதிர்ச்சி. மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பொலிஅசற்றிலீன் ஒளிராது. மாம்பழமும் ஒளிராது, காரணம் ஏறத்தாழ ஒன்றே. பீற்றா கரோட்டீன் ஒளியை விழுங்கி மேலே ஏறினால், ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் சுமார் 10 பங்குக்குள் கீழே இறங்கிவிடும். இறங்கும்போது சக்தியை வெப்பமாகக் கொட்டிவிடும். நேரான சங்கிலிகளில் மிகத் தாழ்ந்த அருட்டிய நிலை ஒரு வகையான இருட்டுப் படி. அங்கிருந்து ஒளியாக இறங்குவதைக் குவாண்டம் விதிகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. பொலிஅசற்றிலீனிலும் இதே இருட்டுப் படி இருக்கிறது.

இருட்டுப் படியை எப்படி அகற்றுவது? சங்கிலியின் இடையிடையே ஒரு பென்சீன் வளையத்தைச் செருகினால் போதும். வளையம் வந்ததும் சக்திப் படிகளின் வரிசை மாறிவிடுகிறது. ஒளி உமிழக்கூடிய படி கீழே வருகிறது, இருட்டுப் படி மேலே போய்விடுகிறது. பென்சீன் வளையம், இரட்டைப் பிணைப்பு, மறுபடி வளையம் என்று போகும் இந்தச் சங்கிலியின் பெயர் பொலிபராபீனைலீன்வைனிலீன். வாய் வலிக்காமல் இருக்க எல்லோரும் பிபிவி என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

வளையமும் இரட்டைப் பிணைப்பும் கலந்த மூலக்கூறு எப்படி ஒளிரும் என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. குசினியில் இருக்கும் மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகையை ஸ்பிரிற்றில் கரையுங்கள். மேலே தெளியும் திரவத்தை இருட்டறையில் வைத்து, கள்ளநோட்டுப் பிடிக்கும் கழியூதா விளக்கைக் காட்டுங்கள். பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மஞ்சளில் உள்ள குர்குமினின் இரு முனையிலும் பென்சீன் வளையங்கள், நடுவே மாறி மாறி வரும் பிணைப்புகள். பிபிவியின் ஒளியும் கிட்டத்தட்ட இதே நிறம்தான். விளக்கை நேராகக் கண்ணுக்குக் காட்டாதீர்கள், ஸ்பிரிற்றை அடுப்பருகே வைக்காதீர்கள்.

மஞ்சள்தூள் ஒளிர மேலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். மின்சாரம் பாய்ச்சியே ஒளிரவைக்க முடிந்தால் அதன் பெயர் விளக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் 1989இல் நடந்தது அதுதான். பிபிவி மென்படலங்களின் மின்னியல்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெரமி பரோஸ், மின்னழுத்தம் கொடுத்தபோது படலம் மஞ்சள்பச்சையாக ஒளிர்வதைக் கண்டார். ரிச்சர்ட் ஃபிரெண்ட், டொனல் பிராட்லி, அன்ட்ரூ ஹோம்ஸ் உள்ளிட்ட குழு அதை 1990 ஒக்டோபர் 11ஆம் திகதி நேச்சர் இதழில் வெளியிட்டது. அப்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. அந்த ஆண்டு யூனில் மீண்டும் போர் தொடங்கியதும் வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காத விலையில். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றினார்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ற்று. இப்போதைய பல்பகுதிய ஒளிகாலும் இருவாயிகள் 3 முதல் 5 வோல்ற்றில் நன்றாக ஒளிரும்.

கேம்பிரிட்ஜ் குழுவுக்கு முதலில் வந்த சிக்கல் ஒளியைப் பற்றியதே அல்ல. பிபிவி எதிலும் கரையாது, உருகவும் மாட்டாது. சூடாக்கினால் கருகும். படலமாகப் பூச முடியாத பொருளை எப்படிப் படலமாக்குவது? அவர்கள் செய்த தந்திரம் அழகானது. பிபிவியைப் பூசாமல், பிபிவி ஆவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் இன்னொரு பல்பகுதியத்தைப் பூசினார்கள். அதில் இரட்டைப் பிணைப்பு வரவேண்டிய இடத்தில் கந்தகம் கொண்ட ஒரு கூட்டம் ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை பொருள் கரையும். கண்ணாடியில் பூசி, வெற்றிடத்தில் 250 பாகை செல்சியசில் பல மணி நேரம் சுட்டால் அந்தக் கூட்டம் கழன்று ஆவியாகிவிடும். கழன்ற இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் தாமாகவே உருவாகும். சூளையிலிருந்து வெளியே வருவது பிபிவி, அதுவும் வேண்டிய தடிப்பில். வெளியேறும் கந்தகச் சேர்வையின் நாற்றம் சாமானியமானதல்ல. எரிவாயு கசிந்தால் மூக்கு உடனே அறியவேண்டும் என்று பல நாடுகளில் கலக்கும் பொருள் அது.

அந்த முதல் விளக்கின் வினைத்திறன் 0.05 வீதம். உள்ளே போன 2,000 இலத்திரன்களுக்கு ஓர் ஒளித்துகள். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் டேவிட் பிரவுனும் ஹீகரும் வேறு வழியில் வந்தார்கள். பிபிவியின் பென்சீன் வளையத்தில் கிளைத்த, எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பக்கச் சங்கிலியை ஒட்டினால் முழுப் பல்பகுதியமும் சாதாரண சேதனக் கரைப்பானில் கரைந்துவிடும். சுடவும் வேண்டாம். அந்த ஒட்டுக்கு இன்னொரு பலனும் இருந்தது, ஒளி செம்மஞ்சளுக்கு மாறியது.

வேண்டிய நிறத்தை இப்படி இரசாயனத்தால் வரவழைக்கலாம் என்பதுதான் இத்துறையில் என்னை மிகவும் மயக்கும் விடயம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ராமகிருஷ்ணன், சக ஆய்வாளரோடு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வேலை இதற்கு நல்ல சாட்சி. அவர்கள் எடுத்தது மேலே சொன்ன கரையும் பிபிவியை. அதன் முன்னோடிப் பல்பகுதியத்தில், கழலும் கூட்டங்களை இரண்டு வகையாக வைத்தார்கள். ஒரு வகை இலேசான சூட்டிலேயே கழன்றுவிடும், மற்றது ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் வகை கழன்ற இடத்தில் இரட்டைப் பிணைப்பு வரும். இரண்டாவது வகை நின்ற இடத்தில் வராது, அங்கே இலத்திரனின் ஓட்டம் முறியும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறோமோ, அதற்கேற்ப ஒளிரும் துண்டுகள் குட்டையாகவோ நீளமாகவோ அமையும். குட்டைத் துண்டுகள் நீலத்தின் பக்கம், நீண்ட துண்டுகள் செம்மஞ்சளின் பக்கம். அணுக்களின் பட்டியல் ஏறத்தாழ அப்படியே இருக்க, முறிவுகளின் எண்ணிக்கை ஒன்றே நிறத்தைத் தீர்மானிக்கிறது. குட்டைத் துண்டில் ஏறிய சக்தி பக்கத்து நீண்ட துண்டுக்குத் தாவி அங்கிருந்து ஒளியாக வெளியேறுவதையும் அவர்கள் காட்டினார்கள்.

இப்போது விளக்கின் உட்புறத்தைப் பார்ப்போம். கீழே ஒரு கண்ணாடி. அதன்மேல் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் பூச்சு. மின்சாரம் கடத்தும், ஒளியையும் விடும் அபூர்வமான பொருள். அதன்மேல் பல்பகுதியம், எல்லாவற்றுக்கும் மேலே கல்சியம், அலுமினியம் போன்ற உலோகம். உலோகத்திலிருந்து இலத்திரன்கள் வருகின்றன. எதிர்ப்பக்கத்தில் இலத்திரன்கள் பிடுங்கப்பட்டு வெற்றிடங்கள் உண்டாகின்றன. இவற்றைத் துளை என்பார்கள். இலத்திரனும் துளையும் சங்கிலிக்குச் சங்கிலி தாவி வந்து, நடுவில் எங்கோ ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்தச் சோடிக்கு எக்சிற்றன் என்று பெயர். சோடி அழியும்போது ஒளி பிறக்கிறது.

பல்பகுதியப் படலத்தின் தடிப்பு சுமார் 100 நனோமீற்றர். ஒரு சதுர மீற்றர் பரப்பை மூட 0.1 கிராம் பல்பகுதியம் போதும். ஒரு பனடோல் குளிசையில் இருக்கும் 500 மில்லிகிராம் மருந்தின் அளவு பல்பகுதியத்தை எடுத்தால், ஐந்து சதுர மீற்றர் ஒளித்திரைக்குக் காணும். இந்த மெல்லிய படலத்துக்குக் குறுக்கே வெறும் 5 வோல்ற்று கொடுத்தாலும், கணக்கில் அது சென்ரிமீற்றருக்கு 5 இலட்சம் வோல்ற்று ஆகிறது. உலர்ந்த வளி 30,000 வோல்ற்றிலேயே பொறி தட்டிவிடும். கையில் பிடித்திருக்கும் தொலைபேசித் திரைக்குள்ளும் இதே அளவு மின்புலம்தான் ஓசையில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.

இனிக் கசப்பான கணக்கு. இலத்திரனுக்கும் துளைக்கும் கறங்கல் என்றொரு குவாண்டம் இயல்பு உண்டு. இரண்டும் சோடி சேர நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் ஒளி தரும். மற்ற மூன்றும் சாதாரண சேதனப் பொருளில் வெப்பமாகவே போகும். ஆக 100 சோடிகளில் 25 மட்டும் ஒளியாகின்றன. அந்த 25இலும் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளேயே முட்டி மோதிச் சிறைப்பட்டுவிடும். தட்டையான விளக்கிலிருந்து வெளியே தப்புவது ஐந்தில் ஒன்று. ஆக 100 சோடிக்கு 5 ஒளித்துகள். விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் முட்டி நின்ற சுவர் இது.

சுவரை உடைக்கப் பார உலோக அணுக்கள் வந்தன. அமெரிக்காவில் ஸ்ரீபன் ஃபொரஸ்ற், மார்க் தொம்சன் குழுவினர் 1998இல் பிளாற்றினத்தையும், அடுத்த ஆண்டு இரிடியத்தையும் கொண்ட மூலக்கூறுகளைச் சேர்த்தார்கள். பார அணு, கறங்கல் விதியைத் தளர்த்தி, வீணாகும் மூன்று பங்கையும் ஒளியாக இறங்கவிடுகிறது. அதே காலத்தில் லண்டன் சவுத் பாங்க் பல்கலைக்கழகத்தில் தமிழரான பூபதி கதிர்காமநாதன் இன்னொரு பக்கத்தால் வந்தார். தெர்பியம், யூரோப்பியம் போன்ற அருமண் உலோகங்களைச் சேதன மூலக்கூறுகளால் சூழ்ந்து ஒளிரவைக்கும் சேர்வைகள் அவருடையவை. சுற்றியிருக்கும் சேதனப் பகுதி அந்த மூன்று பங்குச் சக்தியையும் வாங்கி நடுவிலுள்ள உலோகத்திடம் கொடுத்துவிடும். உலோகம் தனக்கேயுரிய கூர்மையான நிறத்தில் ஒளிரும்: தெர்பியம் பச்சை, யூரோப்பியம் சிவப்பு. அவர் பின்னர் புரூனல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருடைய காப்புரிமை ஆவணங்களைப் புரட்டினால் கண்டுபிடிப்பாளர் வரிசையில் தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து வரும்.

நீலம் இன்னமும் தலையிடி. நீல ஒளித்துகள் ஒன்றின் சக்தி சுமார் 2.7 இலத்திரன்வோல்ற்று. இரண்டு காபன் அணுக்களைப் பிரிக்கத் தேவை சுமார் 3.6. அருட்டிய இரு நிலைகள் தற்செயலாக மோதிச் சக்தி ஒன்று சேர்ந்தால், பிணைப்பே அறுந்துபோகும். சிவப்புக்கு இந்த ஆபத்துக் குறைவு. திரைகளில் நீலம் முதலில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீலத்தை விடக் கொடிய எதிரி ஈரப்பதன். கல்சியம் நீரைக் கண்டால் நிற்காது. திரையில் முதலில் ஊசிமுனைக் கரும்புள்ளி தோன்றும், பிறகு அது பரவும். இதைத் தடுக்க வேண்டிய உறைக்கு இத்துறையினர் வைத்திருக்கும் இலக்கு: சதுர மீற்றருக்கு ஒரு நாளில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீராவிக்கு மேல் உட்செல்லக் கூடாது. அதாவது ஒரு கிராம் நீர் நுழைய 2,700 ஆண்டுகள் ஆகவேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் தாள் அதே ஒரு கிராமை ஒரே நாளில் விட்டுவிடும். கடல்நீரேரிக் காற்று வீசும் தென்மராட்சியில் ஒரு திரை பல ஆண்டுகள் பழுதில்லாமல் எரிகிறதென்றால், அதில் பாதிப் பெருமை உறை செய்தவர்களுக்கு.

பல்பகுதியத்தின் பெரிய வாக்குறுதி, அச்சிடலாம் என்பது. கரைசலாக இருப்பதால் மைத்துளி அச்சியந்திரத்தில் ஊற்றி, பத்திரிகை அச்சடிப்பதுபோல் திரையை அச்சடித்துவிடலாம் என்று நம்பினார்கள். நடைமுறையில் ஒவ்வொரு துளியும் சண்டை போட்டது. மேசையில் சிந்திய தேநீர் காயும்போது கறை விளிம்பில் தடித்து நடுவில் மெலியும். நிறப்புள்ளியிலும் அதுவேதான் நடக்கும். அங்கே 10 நனோமீற்றர் வேறுபாடும் வெளிச்சத்தைக் குழப்பிவிடும். கரைப்பான்களைக் கலந்து, காயும் வேகத்தைச் சீராக்கி, புள்ளிக்கு வரம்பு கட்டி இதைச் சமாளிக்கப் பல ஆண்டுகள் போயின.

அதற்குள் பந்தயத்தில் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். கொடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்ரீவ் வான்ஸ்லைக் 1987இலேயே சிறிய சேதன மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்து, 10 வோல்ற்றுக்குக் குறைவில் பிரகாசமான ஒளியைப் பெற்றிருந்தார்கள். சிறு மூலக்கூறைச் சுத்திகரிப்பது சுலபம், ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கும் வைக்கலாம். பல்பகுதியச் சங்கிலி ஆவியாகுமுன் சிதைந்துவிடும். சோனி 2007இல் விற்ற 11 அங்குலத் தொலைக்காட்சியும் இன்றைய கைத்தொலைபேசிகளும் சிறு மூலக்கூறு வழியில் வந்தவை. பல்பகுதியம் 2002இல் பிலிப்ஸ் முகச்சவர இயந்திரமொன்றின் சின்னத் திரையாகச் சந்தைக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் குழு தொடங்கிய நிறுவனத்தை 2007இல் ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கியது. அச்சிட்ட திரைகளில் நம்பிக்கை வைத்த ஜப்பானிய ஜேஓலெட் நிறுவனம் 2023இல் கடன்சுமையால் நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. வீட்டு விளக்காகவும் இது எடுபடவில்லை. சாதாரண எல்ஈடி குமிழ் மலிவில் அடித்துவிட்டது. திரைப் பந்தயத்தில் இதுவரை பல்பகுதியம் தோற்றிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தப் பொருளுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் ஒளி தருவது, ஒளி கொடுத்தால் மின்சாரமும் தரும். படலத்துக்குள் பிறக்கும் எக்சிற்றனை அழியவிடாமல் பிரித்தெடுக்க ஒரு துணைப்பொருள் மட்டும் வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் புண்ணியமூர்த்தி ரவிராஜன், ஜெனி நெல்சன் குழுவோடு 2004இல் வெளியிட்ட ஆய்வுகளில், புளோரீன், தயோபீன் என்னும் வளைய அலகுகள் மாறி மாறி வரும் ஒரு பல்பகுதியத்தை நுண்துளைத் தைற்றேனியம் ஈரொட்சைட்டில் ஊறவைத்துச் சூரியக்கலம் செய்திருந்தார்கள். பல்பகுதியம் ஒளியை உறிஞ்சியது, துளைகளையும் சுமந்தது. இலத்திரனைத் தைற்றேனியம் ஒட்சைட்டு வாங்கிக்கொண்டது. கட்டுரையின் இணையாசிரியர்களில் ஒருவர் டொனல் பிராட்லி, 1990 நேச்சர் கட்டுரையில் பெயர் வந்த அதே பிராட்லி. ரவிராஜன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைப் பேராசிரியர். பல்பகுதியமும் உலோக ஒட்சைட்டும் சேர்ந்த சூரியக்கலங்கள் அங்கே திருநெல்வேலியில் ஆய்வாகத் தொடர்கின்றன.

தென்மராட்சியில் உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். சேதன இரசாயனப் புத்தகத்தில் பென்சீனுக்குப் பிறகு வரும் பக்கங்களைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிடாதீர்கள். பௌதிகவியலில் குறைகடத்தி அலகையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கு இரண்டும் தெரிந்தவர்கள் போதாமல்தான் இருக்கிறது.